மறைக்கப்படாத நோய்: தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை

1866ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள். பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாடகைக் குடியிருப்பு ஒன்றின் கதவை இருபது வயதுப் பெண் ஒருத்தி தட்டினார். அவர் பெயர் அன்னா கிரிகோரியெவ்னா ஸ்னித்கினா. சுருக்கெழுத்துப் பயின்று, முதன்முதலாக ஊதியத்துக்கு உழைக்கும் நோக்குடன் வந்திருந்தார். அவருக்குப் பணி தரவிருந்தவர் ரஷ்ய நாடறிந்த எழுத்தாளர் பியோதர் மிகய்லோவிச் தஸ்தயேவ்ஸ்கி. ஒரு திங்களுக்குள் முழு நாவல் ஒன்றை எழுதி முடிக்காவிட்டால் தம் படைப்புகளின் உரிமையையே பதிப்பாளரிடம் இழக்க நேரும் என்னும் நெருக்கடியில் அவர் இருந்தார். அன்று களைத்தும் கவனம் சிதறியும் காணப்பட்ட அவர், தமக்கு வலிப்பு நோய் உண்டென்றும், சில நாள்களுக்கு முன்னர்தான் அது வந்து போயிற்றென்றும் அந்த முதல் உரையாடலிலேயே சொல்லிவிட்டார். முன்பின் அறியாத ஓர் இளம்பெண்ணிடம் அவர் காட்டிய இந்த வெளிப்படைத் தன்மை தம்மை வியப்பில் ஆழ்த்தியதாக அன்னா பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார்.

இந்த வியப்புக்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் எந்த நாட்டிலும் வலிப்பு நோய் வெளியே சொல்லத்தக்க நோயாக இல்லை. குடும்பங்கள் அதை மறைத்தன. மருத்துவர்களும் பெயரைச் சொல்லாமல் நரம்புத் தளர்ச்சி என்று மழுப்பினர். தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வில் அந்த மறைப்பால் நேர்ந்த துன்பம் ஒரு பாதி. சொல்லிவிட்டதால் கிடைத்த வாழ்வு மறுபாதி. அவருடைய பெருநாவல்களை அறிந்தோர் பலர். அந்நாவல்களுக்குப் பின்னால் ஏறத்தாழத் திங்கள்தோறும் நிலத்தில் வீழ்ந்து எழுந்த உடலொன்று இருந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறு காட்டுகிறது.

நோயின் பெயர்கள்

நோய்க்கு மக்கள் இட்ட பெயர்களில் அந்நோயைப் பற்றிய அச்சம் உறைந்து கிடக்கும். கிரேக்கர் இதனைப் பிடித்தல் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். பிடிப்பது தெய்வமோ பேயோ என்பது அவர்தம் எண்ணம். உரோமாபுரியில் மக்களவை கூடியிருக்கையில் எவரேனும் வலிப்பு வந்து வீழ்ந்தால் அவையையே கலைத்துவிடுவர். ரஷ்ய மொழியில் இதற்கு வழங்கிய பெயர் வீழ்ச்சி நோய் என்னும் பொருளுடையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டசின் பெயரால் வழங்கும் நூல்தொகையில் ஒரு நூல், இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வத்தன்மை கூடியதன்று என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கூறிற்று. ஆனால் பொதுமக்கள் நம்பிக்கை அந்நூலின் வழியே செல்லவில்லை.

தமிழ் மரபிலும் இந்நோய்க்குத் தனி இடமுண்டு. கூத்தப்பெருமானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனை வடமொழியாளர் அபஸ்மாரன் என்பர். அச்சொல் நினைவழிதலைக் குறிப்பது; வலிப்பு நோயின் பெயரும் அதுவே. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளைப் பற்றிய முயலக நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. மருத்துவம் பலவும் செய்து பயன் காணாத அத்தந்தை, மகளை அறைக்குள் பூட்டி வைக்கவில்லை; ஊரறியக் கோயிலில் இறைவன் திருமுன் கொண்டுவந்து கிடத்தினான். பிற்காலத்தில் காக்கை வலிப்பு என்னும் பெயரும், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கமும், திருமணப் பேச்சின்போது வாய்மூடும் பழக்கமும் நம்மிடையே நிலைபெற்றன. ஆதலால் தொலைவிலுள்ள ரஷ்ய எழுத்தாளர் ஒருவரின் நோய்க்கதை தமிழ் வீடுகளுக்கு அயலான கதை அன்று.

இளமையும் ஒரு கட்டுக்கதையும்

தஸ்தயேவ்ஸ்கி 1821ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தந்தை மிகயில் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றின் மருத்துவர். குடும்பம் அம்மருத்துவமனை வளாகத்திலேயே வசித்தது. நோயாளிகளின் நடமாட்டத்தைப் பார்த்தபடியே குழந்தை வளர்ந்தது. 1837இல் தாய் காசநோயால் இறந்தார். பொறியியல் பயிலும் பொருட்டு மகன் பீட்டர்ஸ்பர்க்கில் படைத்துறைப் பொறியியல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1839இல் தந்தை தம் சிற்றூர்ப் பண்ணையில் இறந்தார். பண்ணையடிமைகளே அவரைக் கொன்றனர் என்னும் பேச்சு குடும்பத்தில் நெடுங்காலம் நிலவியது.

தந்தையின் சாவுச் செய்தியைக் கேட்ட அக்கணமே மகனுக்கு முதல் வலிப்பு வந்ததென ஒரு கதை உண்டு. சிக்மண்ட் பிராய்டு 1928இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இக்கதைக்குப் பேரிடம் தந்தார். தந்தை சாகவேண்டுமென உள்ளூர விரும்பிய மகன், குற்றவுணர்ச்சியால் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டதே அவ்வலிப்பு என்பது அவர் கருத்து. சைபீரியச் சிறையில் உண்மையான தண்டனை கிடைத்தபின் வலிப்பு நின்றுபோயிருக்க வேண்டும் என்றும் அவர் ஊகித்தார். ஆவணங்களோ இதற்கு நேர்மாறாக உள்ளன. நோய் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டதே சைபீரியாவில்தான். ஆயினும் பிராய்டின் கட்டுரை பல்லாண்டுகள் உலவியது. நோய் உடலின் கோளாறு என்பதைவிட, ஒளித்து வைத்த பாவத்தின் அடையாளம் என்பதே மக்கள் மனத்துக்கு எளிதில் பிடிபடுகிறது. பேய் போன இடத்தில் பாவம் வந்து அமர்ந்துகொண்டது.

1846இல் வெளிவந்த ‘ஏழை மக்கள்’ இருபத்து நான்கு வயது இளைஞரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு நண்பராகவும் மருத்துவராகவும் விளங்கிய ஸ்தெபான் யானோவ்ஸ்கி, 1840களின் பிற்பகுதியிலேயே அவருக்குத் தலைசுற்றலும் நினைவு மயக்கமும் வலிப்பும் வந்ததைக் கண்டவர். அந்த ஆண்டுகளில், 1847இல், எழுதப்பட்ட ‘வீட்டுக்காரி’ என்னும் கதையிலேயே வலிப்பு நோயுள்ள ஒருவன் பாத்திரமாக வருகிறான். நோயின் பெயரைத் தமக்குரியதாக ஏற்கும் முன்னரே அது அவர் எழுத்துக்குள் நுழைந்துவிட்டது.

சைபீரியாவில் கிடைத்த பெயர்

1849ஆம் ஆண்டு, அரசுக்கு எதிரான கருத்துகளைப் பேசிய பெத்ரஷேவ்ஸ்கி குழுவினருள் ஒருவராகத் தஸ்தயேவ்ஸ்கி கைதானார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் கொல்லும் பனியில் அவர்கள் செமியோனோவ்ஸ்கி திடலில் நிறுத்தப்பட்டனர். மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவர் கம்பங்களில் கட்டப்பட்டனர். அடுத்த வரிசையில் தஸ்தயேவ்ஸ்கி நின்றார். துப்பாக்கிகள் உயர்ந்தபின் மன்னர் தண்டனையைக் குறைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அனைத்தும் முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம். இருபத்தெட்டு வயதினரான அவர் கால்விலங்குடன் சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறைக்கு நான்காண்டுக் கடுந்தண்டனைக்கு அனுப்பப்பட்டார்.

அச்சிறையில் வலிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. 1857ஆம் ஆண்டு இறுதியில் படைப்பிரிவின் மருத்துவர் அளித்த சான்றிதழ், முழு வலிப்பு 1850இல் தொடங்கியதெனக் குறிப்பிடுகிறது. 1854இல் விடுதலை பெற்று, செமிபலாத்தின்ஸ்க் நகரில் சாதாரணச் சிப்பாயாகப் பணி செய்ய நேர்ந்தபோதும் நோய் உடன் வந்தது. ஆயினும் அது வெறும் நரம்பு நோயே, வாழ்க்கை முறை மாறினால் போய்விடும் என்றே மருத்துவர்கள் அவரைத் தேற்றி வந்தனர். அவரும் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார்.

அந்த நம்பிக்கையுடன் 1857 பிப்ரவரியில், குஸ்நெத்ஸ்க் நகரில், மரியா திமீத்ரியெவ்னா என்னும் கைம்பெண்ணை மணந்தார். மணமக்கள் திரும்பும் வழியில் பர்னவுல் நகரில் தங்கினர். அங்கே கடுமையான வலிப்பு அவரைத் தாக்கியது. இதை எதிர்பாராத புதுமனைவி அஞ்சி நடுங்கினார். வந்து பார்த்த மருத்துவர் இம்முறை மழுப்பவில்லை. இது உண்மையான வலிப்பு நோயே என்றும், இத்தகைய வலிப்பு ஒன்றின்போது மூச்சடைத்து உயிரே போகக்கூடும் என்றும் கூறிவிட்டார். உறுதியாகத் தெரிந்திருந்தால் தாம் மணம் செய்துகொண்டிருக்க மாட்டார் என அண்ணன் மிகயிலுக்கு அவர் மடல் எழுதினார். அந்த மணவாழ்க்கை இன்பமாக அமையவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தொடக்கத்திலேயே, ஒரு பெண் தான் அறியாத நோயையும், ஓர் ஆண் தனக்குச் சொல்லப்படாத நோயையும் ஒரே இரவில் எதிர்கொண்டனர். நோயினும் கொடிதாக அந்த அறியாமை அவர்களைத் தாக்கியது.

அதே 1857ஆம் ஆண்டில், இலண்டனில் சார்லஸ் லொக்காக் என்னும் மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பு வலிப்பைக் குறைக்கக் கண்டதாக மருத்துவர் சங்கம் ஒன்றில் தெரிவித்தார். வலிப்புக்குக் கிடைத்த முதல் பயனுள்ள மருந்து அதுவே. பெயர் கிடைத்த ஆண்டிலேயே மருந்தும் தோன்றியது. ஆனால் இலண்டனுக்கும் பர்னவுலுக்கும் இடையே தொலைவு பெரிது.

ஒரு வகையில் அப்பெயர் அவருக்குக் கைகொடுக்கவும் செய்தது. நோயைக் காரணம் காட்டிப் படைப்பணியிலிருந்து விடுவிக்குமாறு அவர் மன்னருக்கு விண்ணப்பித்தார். 1859இல் விடுவிக்கப்பட்டு, அவ்வாண்டு இறுதியில், பத்தாண்டுகளுக்குப் பின் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார்.

அன்னாவின் மடி

திரும்பியவர் ‘மரண வீட்டின் குறிப்புகள்’ நூலில் சிறைவாழ்க்கையை எழுதினார். 1861இல் வெளிவந்த ‘அவமதிக்கப்பட்டவர்களும் இழிவுபடுத்தப்பட்டவர்களும்’ நாவலில் நெல்லி என்னும் அனாதைச் சிறுமிக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இரக்கத்தை இரந்து நிற்காத பிடிவாதமும் தன்மானமும் உடைய சிறுமி அவள். 1864இல் முதலில் மனைவியும், சில திங்களில் அண்ணனும் இறந்தனர். அண்ணனின் கடனையும் குடும்பத்தையும் அவரே தலைமேல் ஏற்றுக்கொண்டார். அந்தக் கடன்தான் 1866இல் பதிப்பாளரின் பிடியில் அவரைச் சிக்கவைத்தது. அந்த நெருக்கடிதான் அன்னாவை அவர் வாசலுக்கு அழைத்துவந்தது. இருபத்தாறு நாள்களில் ‘சூதாடி’ நாவல் நிறைவுற்றது. 1867 பிப்ரவரியில் அவ்விருவரும் மணந்தனர்.

மணமான சில நாள்களில், அன்னாவின் தமக்கை வீட்டில் விருந்து. உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த தஸ்தயேவ்ஸ்கி திடீரென முகம் வெளுத்து, மனிதக் குரல் என்று சொல்லவியலாத ஓர் ஓலத்துடன் சாய்ந்தார். தமக்கை அலறியபடி அறையை விட்டே ஓடினார். இருபது வயது அன்னா மட்டும் கணவரின் தோள்களைப் பற்றினார். இருக்கையில் அமர்த்த முயன்றும் இயலவில்லை. அருகிலிருந்த விளக்கையும் நாற்காலியையும் அப்பால் தள்ளினார். அவரைத் தரையில் மெல்லச் சரியவிட்டுத் தாமும் தரையில் அமர்ந்து, வலிப்பு ஓயும்வரை அவர் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டார். அன்றே இன்னொரு வலிப்பும் வந்தது.

அன்னா மருத்துவம் பயின்றவரல்லர். எனினும் அன்று அவர் செய்ததைத்தான் இன்றைய நரம்பியல் மருத்துவர்களும் ஏறத்தாழச் சொல்கின்றனர். மோதிக் காயப்படுத்தக்கூடிய பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கு மெத்தென்று ஏதேனும் கொடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதனையும் திணிக்கலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே ஓயும். இரும்பைக் கையில் கொடுத்ததால் நின்றது என்று தோன்றுவது இதனால்தான். ஐந்து நிமிடங்களைக் கடந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அன்று தமக்கை ஓடியதற்கும் அன்னா ஓடாததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு அன்பு மட்டும் காரணமன்று. அன்னாவுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பர்னவுலில் மரியாவுக்குக் கிட்டாதது அதுவே.

அசடனும் அவன் நோயும்

கடன்காரர்களிடமிருந்து தப்பி, 1867 முதல் 1871 வரை தம்பதியர் வெளிநாடுகளில் அலைந்தனர். ஜெனீவாவில் 1868ஆம் ஆண்டு தொடக்கத்தில் அன்னாவுக்குப் பேறுகாலம். அந்த இரவில்தான் கணவருக்குக் கடும் வலிப்பு வந்து, அயர்ந்து உறங்கிவிட்டார். எழுப்பியும் அவரால் எழ இயலவில்லை. அன்னா வலியைப் பொறுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தார். பிறந்த மகள் சோன்யா மூன்று திங்களில் நுரையீரல் அழற்சியால் இறந்தாள். அந்தத் துயரத்தின் ஊடே எழுதப்பட்டதே ‘அசடன்’.

அந்நாவலின் தொடக்கத்தில், புகைவண்டியில் எதிரே அமர்ந்திருக்கும் அந்நியர்களிடம் இளவரசன் மிஷ்கின் தன் நோயைச் சொல்லிவிடுகிறான். சுவிட்சர்லாந்தில் மருத்துவம் செய்துகொண்டு திரும்புவதாகவும், முழுதும் குணமாகவில்லை என்றும் ஒளிவின்றிக் கூறுகிறான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்னாவிடம் தஸ்தயேவ்ஸ்கி முதல் நாளிலேயே கூறியதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது. பின்னர், இருண்ட மாடிப்படியில் ரகோஷின் கத்தியை ஓங்கும் கணத்தில் மிஷ்கினுக்கு வலிப்பு வருகிறது. அந்த ஓலத்தில் உறைந்துபோன கொலையாளி ஓடிவிடுகிறான். உயர்குடி விருந்தொன்றில் மதிப்புமிக்க சீனப் பூச்சாடி உடைந்தபின் மிஷ்கின் மீண்டும் வலிப்புற்று வீழ்கிறான். அந்த இரவில், இவன் தன் மகளுக்கு ஏற்ற மணமகன் அல்லன் எனப் பெண்ணின் தாய் மனத்துக்குள் தீர்மானிக்கிறாள். அவனை அவள் வெறுப்பவள் அல்லள். அவனுடைய நல்லுள்ளத்தை அறிந்தவள். இருந்தும் ஒரு வலிப்பு ஒரு மணத்தை முறிக்கப் போதுமானதாகிறது. இந்தக் காட்சி எழுதப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் படிப்போரைத் துணுக்குறச் செய்வது, அத்தாய் நமக்கு மிகவும் பழகியவள் என்பதால்தான்.

வலிப்புக்கு முந்தைய ஒரு நொடியில் உள்ளம் முழுதும் ஒளியும் இசைவும் நிறைவதாக மிஷ்கின் உணர்கிறான். தஸ்தயேவ்ஸ்கியே அத்தகைய பேரின்பத்தைத் தாம் உணர்ந்ததாக நண்பர் ஸ்திராகவிடம் கூறியுள்ளார். இப்பகுதியைப் படித்த பலர், நோயே அவருக்குக் கலையை வழங்கியது என முடிவுகட்டினர். கவிதை எழுதுவோருக்கு இம்முடிவின்மேல் ஒரு மயக்கம் உண்டு; துன்பம் வரமாகித் திரும்பி வரும் என்னும் நம்பிக்கை அது. ஆனால் அந்த நொடிக்குப் பின் வந்தவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வலிப்புக்குப் பின் பல நாள்கள் அவரால் எழுத இயலாது. ஏதோ பெருங்குற்றம் புரிந்துவிட்டவர் போன்ற காரணமற்ற பாரம் அவரை அழுத்தும். நினைவு குலையும். தெரிந்தவர்களைத் தெருவில் அடையாளம் காணாமல் கடந்து செல்வார். அவர்கள் அவரைச் செருக்குடையவர் எனத் தவறாகக் கருதிப் பகை கொள்வர். தாம் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பாத்திரங்களின் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் மறந்து, முன்னர் எழுதியதை மீண்டும் படித்த பின்னரே தொடர நேர்ந்தது. தம் வலிப்புகளின் நாள்களை அவர் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் காட்டுவது பரவசத்தின் வரலாற்றை அன்று. களவு போன வேலைநாள்களின் பட்டியலையே. நோய் அவருக்கு மொழியைத் தரவில்லை. நோய்க்கு அவர்தாம் மொழியைத் தந்தார்.

இதனை அவரே அறிந்திருந்தார் என்பதற்கு ‘பேய்கள்’ நாவல் சான்று. அதில் கிரிலோவ் என்பவன் தனக்கு நேரும் பேரிசைவுக் கணங்களைப் பெருமிதத்துடன் விவரிக்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் ஷாத்தோவ், வலிப்பு நோய் இப்படித்தான் தொடங்கும், கவனமாக இரு என எச்சரிக்கிறான். மிஷ்கினின் அனுபவத்துக்கு ஒளியேற்றிய அதே கை, அடுத்த நாவலிலேயே அவ்வொளியை மருத்துவரின் கண்ணால் பார்த்தது.

இரு மகன்கள்

1871இல் குடும்பம் நாடு திரும்பியது. அன்னா பதிப்புப் பணியைத் தாமே ஏற்றுக் கடனை அடைத்தார். 1875இல் இளைய மகன் அலெக்சேய் பிறந்தான், வீட்டில் அல்யோஷா. 1878 மே மாதத்தில், மூன்று வயதுகூட நிரம்பாத அக்குழந்தைக்கு வலிப்பு வந்தது. அதுவரை அறிகுறியே இருந்ததில்லை. வலிப்பு நில்லாமல் தொடர்ந்தது. வந்த மருத்துவர் உண்மையைத் தந்தையிடம் மட்டும் கூறினார். தஸ்தயேவ்ஸ்கி கட்டிலருகே மண்டியிட்டார். நில்லாத அவ்வலிப்பிலேயே குழந்தை இறந்தது. தம் குருதி வழியே மகனுக்குச் சென்ற நோய் அவனைக் கொன்றது என்னும் எண்ணம் அவரை வாட்டியது. அன்னாவின் வற்புறுத்தலால் அவ்வாண்டு ஜூனில், இளம் மெய்யியலாளர் விளாதிமிர் சொலவியோவுடன் ஓப்தினா மடத்துக்குச் சென்று, அங்கிருந்த துறவி அம்புரோசைக் கண்டு திரும்பினார்.

அடுத்து அவர் எழுதியது ‘கரமாசவ் சகோதரர்கள்’. அதன் இளம் நாயகனுக்கு இறந்த மகனின் பெயரையே இட்டார். மூன்று வயது நிரம்ப மூன்று திங்கள் குறைந்த மகனைப் பறிகொடுத்த உழவர் குடித் தாயொருத்தி மடத்தின் மூத்த துறவியிடம் வந்து அழுகிறாள். அல்யோஷா இறந்த வயதும் அதுவே. அக்குழந்தையின் பெயரும் அலெக்சேய்.

அதே இடத்தில் வேறொரு பெண்ணையும் துறவியின்முன் கொண்டுவருகின்றனர். அலறித் துடித்து விழும் பெண் அவள். ஊரார் பேய் பிடித்தவள் என்பர். அவளைப் பற்றிக் கதைசொல்லி தரும் விளக்கம் நின்று படிக்கத்தக்கது. வேலைக்குத் தப்பிக்கப் போடும் வேடம் இது எனத் தாம் சிறுவயதில் பண்ணையாரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டதுண்டு. ஆனால் பின்னாளில் மருத்துவ வல்லுநர்களிடமிருந்து இது நடிப்பன்று, உண்மையான நோய் எனத் தெரிந்துகொண்டதாகக் கதைசொல்லி கூறுகிறார். முறையான மருத்துவ உதவியின்றிப் பிள்ளை பெற்று, உடனே கடும் உழைப்பில் இறங்கும் சிற்றூர்ப் பெண்களின் வாழ்க்கையே அதன் காரணம் என்றும் சுட்டுகிறார். அந்நோய் வலிப்பு அன்று. ஆயினும் நடிப்பு, பேய் என்னும் இரு தீர்ப்புகளும் வலிப்பு நோயாளர் மீதும் சுமத்தப்பட்டவையே. இரண்டையும் மறுத்து, நோயை நோயெனச் சொன்ன குரல் அது.

ஆயினும் அந்நாவலில் இன்னொரு மகன் உண்டு. ஸ்மெர்த்யக்கோவ் வலிப்பு நோயுடைய சமையற்காரன். வலிப்பு வந்ததாக நடித்து, அம்மறைவில் தன்னைப் பெற்றவனெனக் கருதப்படும் முதிய கரமாசவைக் கொல்கிறான். தம் நோயைக் கொலைகாரனுக்குக் கொடுத்தது நோயாளர்க்கு இழைத்த தீங்கல்லவா என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்த நூற்றாண்டிலேயே இத்தாலியின் லொம்புரோசோ, மேதைமைக்கும் குற்றத்துக்கும் வலிப்பே வேர் என்னும் கொள்கையைப் பரப்பினார். அறிவியலின் பெயரால் நோயாளர்மீது புதிய இழிவு படிந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் படைப்புகளை முழுதாக எடுத்துக்கொண்டால் கிடைப்பது வேறு. நெல்லி தன்மானமுள்ள சிறுமி, மிஷ்கின் களங்கமற்றவன், ஸ்மெர்த்யக்கோவ் வஞ்சகன். நோய் ஒன்று, மனிதர் வெவ்வேறு. நல்லவனாவதும் தீயவனாவதும் நோயின் செயல் அன்று என்பதை, மூவரையும் படைத்த நோயாளி ஒருவரே காட்டினார்.

அவருக்குப் பின்

1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் தஸ்தயேவ்ஸ்கி காலமானார். உயிரைக் கொண்டுசென்றது வலிப்பன்று. நுரையீரல் நோயால் ஏற்பட்ட குருதிப்பெருக்கு. பர்னவுல் மருத்துவர் கூறிய அச்சத்தைக் கடந்து அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பீட்டர்ஸ்பர்க்கே திரண்டது.

மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென எழும் மிகையான வெளியேற்றமே வலிப்பு என 1873இல் ஆங்கில மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வரையறுத்தார். 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். 1912இல் வந்த பீனோபார்பிட்டால் மாத்திரை இன்றும் பயன்படுகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மருந்து முன்னேறிய அளவுக்கு மனம் முன்னேறவில்லை. இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவோரைத் திருமணத் தகுதியற்றோருள் சேர்த்தது. அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1999இல்தான். சட்டம் கைவிட்டதைப் பல வீடுகள் இன்னும் கைவிடவில்லை. மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு மணவறை ஏறும் பெண், அதனை விழுங்க முடியாமல் நிறுத்திவிடுவதும், நிறுத்தியதால் வலிப்பு மீள்வதும், மீண்டதும் பிறந்தகம் அனுப்பப்படுவதும் பர்னவுலின் தொடர்ச்சியே.

கணவர் மறைந்தபோது அன்னாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவர் மறுமணம் செய்யவில்லை. கணவரின் கையெழுத்துப் படிகளையும் மடல்களையும் காத்து, படைப்புகளைப் பதிப்பித்து, 1918இல் யால்தாவில் மறைந்தார். அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் 1925இல் நூலாயின. முதல் நாள் உரையாடலும், தமக்கை வீட்டு விருந்தும், ஜெனீவா இரவும், அல்யோஷாவின் கடைசி நாளும் நமக்குத் தெரியவந்தது அந்நூலால்தான். கணவரின் பெருமைக்குக் குறைவாகும் என எண்ணி அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பதினான்கு ஆண்டு மணவாழ்க்கையில் எத்தனையோ முறை அத்தலையைத் தாங்கியவர், அதனைச் சொல்வதில் வெட்கமில்லை எனக் கண்டிருந்தார்.